ஆறுமுகா கம்ப்யூட்டரின் வேகத்தைத் திருடியது யார்?

அத்தியாயம் ஐந்து

"இதோ, இந்த எடந்தான் சார்! பாருங்க, வாயப் பொளந்துகினு கீது!"

கடைக்காரர் பரந்தாமன் காட்டிய இடத்துக்கு நேராக வரதராஜன் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். மூடி கழற்றிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பச்சைப் பலகை. அதில் வரிசையாகக் கறுப்புச் சிப்புகள். நடுவில் ப்ராசஸர் என்று சொல்லப்படும் பெரிய சிப். அதற்குப் பக்கத்திலேயே அதே அளவுக்கு ஒரு காலி இடம், பல் பிடுங்கிய ஈறு போல. இருபது இருபதாக இரண்டு வரிசை ஓட்டைகள்.

"என்ன சார் தெரியுது?"

"நாப்பது ஓட்டை தெரியுது" என்றார் வரதராஜன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"தலைவரு நாப்பதையும் புடிச்சிட்டாரு" என்றான் அவருடைய உதவியாளன் துளசிங்கம். "இனிமே மிச்சம் சிப்பு ஒண்ணுதான்."

வரதராஜனின் வேல்முனைத் துப்பறியும் நிலையம் இந்தக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறையில் இயங்கியது. இயங்கியது என்பது கொஞ்சம் மிகை. ஆறு வருடத்தில் வரதராஜன் துப்பறிந்தவை: மலைப்படியில் காணாமல் போன செருப்புகள் பதினான்கு ஜோடி, அவற்றில் கிடைத்தது இரண்டு. ஓர் ஆடு, அது தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஓடிப்போன ஒரு மாப்பிள்ளை, அவன் இருந்த இடம் மணப்பெண்ணுக்கு முதலிலிருந்தே தெரியும். இருந்தாலும் திருத்தணியில் துப்பறிகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் கடைத்தெருவில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. போன மாதம் ஆயுத பூஜைக்குக்கூட இதே 'ஆறுமுகா கம்ப்யூட்டர் ஜாதக நிலைய'த்தில் மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, பூஜையை அவர் கையால்தான் நடத்தினார்கள். அந்த மாலையை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை.

"ஒரு ஜாதகத்துக்கு ஆறு நிமிஷம் ஆவும் சார். இப்ப பத்து நிமிஷம்!" பரந்தாமன் மூச்சு வாங்கினார். "மலையேறி எறங்கின ஜனம் நிக்குமா? எல்லாம் கனகம்மாசத்திரத்துல பஸ்ஸ நிறுத்தச் சொல்லி, அந்த ஜெகநாதன் கடைக்குப் போவுது. தீபாவளிக்குக் கடை தொறந்தவன், 'ஆறே நிமிஷம்'னு போர்டு போட்டுட்டான். எங்கேர்ந்து வந்துது அவனுக்கு அந்த வேகம்? இன்னிக்குக் காலைல ஸ்க்ரூவ கழட்டிப் பாத்தேன். கணக்கு சிப்பு இருக்கற எடம் காலி! மெஷின் விக்கும்போதே இஞ்சினீரு சொன்னான் சார், 'இந்த எடத்துல கணக்கு சிப்பு, அதான் பறக்க வெக்கும்'னு."

"எப்பலேர்ந்து ஸ்லோ?"

"பூஜை முடிஞ்சி மூணு நாளு கடை மூடிட்டோம். இவ லீவு முடிஞ்சி வந்து மெஷினப் போட்டா பாருங்க, அன்னிலேர்ந்து."

இவ என்று அவர் விரல் நீட்டிய இடத்தில் வசந்தி நின்றுகொண்டிருந்தாள். ஆறுமுகாவின் ஒரே ஆபரேட்டர். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் நெய்கிற பஞ்சாட்சரத்தின் மகள், சென்னைக்கு ரயிலில் போய்வந்து மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். காலையிலிருந்து கடைவாசலில் அவளை நிறுத்திவைத்திருந்ததில், போகிற வருகிற கூட்டமெல்லாம் பார்த்துவிட்டது. கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் புடவை முனையை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது.

"போன வெள்ளிக்கெழம ஜெகநாதன் கடையில இவள பாத்தவங்க இருக்காங்க. கேளுங்க சார்!"

"வேலைக்குக் கூப்ட்டாருங்க" என்றாள் வசந்தி. "யோசிச்சி சொல்றேன்னேன். அவ்ளோதான்."

"நாலு மணி வரைக்கும் டயம்" என்றார் பரந்தாமன். "ஏட்டு சுந்தரமூர்த்திகிட்ட சொல்லிட்டேன். அதுக்குள்ள சிப்பு வரலன்னா கம்ப்ளெய்ண்ட்டு. இவ பேருல."

வரதராஜன் கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெட்டியின் முகப்பில் நெற்றி கொள்ளாமல் சந்தனம், நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். பூஜை முடிந்து ஒரு மாதம் ஆகியும் காய்ந்து கெட்டியாக அப்படியே இருந்தது. அடுத்த ஆயுத பூஜைவரை அதைத் துடைக்கக் கூடாது என்பது பரந்தாமன் குடும்பத்துச் சட்டம். அவருடைய ஸ்கூட்டருக்கும், தராசுக்கும், சுவரில் மாட்டியிருந்த மின்சார மீட்டருக்கும் அதே சட்டம்தான். பக்தி என்றால் இது பக்தி என்று வரதராஜன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"யம்மா, ஒரு கேள்வி" என்றார். "இந்த ப்ராசஸருக்கு வேகம் எங்கேர்ந்து வருது? எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாக்கறேன்."

துளசிங்கம் இருமினான்.

வசந்தி முதல் தடவையாக நிமிர்ந்தாள். "எங்க வீட்டுத் தறிய வெச்சி சொல்றேங்க. மோட்டார் புல்லிய மாத்தினா நிமிஷத்துக்கு நூறு அடி அடிக்கற தறி நூத்தம்பது அடிக்கும். இதுக்குள்ளயும் ஒரு சின்ன படிகக்கல்லு துடிச்சிகினே கீதுங்க, செகண்டுக்கு லட்சக்கணக்குல. ஒவ்வொரு துடிப்புக்கும் ப்ராசஸர் ஒரு அடி எடுத்து வெக்கும். துடிப்பு கூடினா எல்லா வேலையும் வேகமாவும், கொறைஞ்சா எல்லாம் கொறையும்."

"அப்போ கணக்கு சிப்பு?"

"அது ஜக்கார்டு பெட்டி மாதிரிங்க. பார்டர்ல மயிலு, மாங்கான்னு டிசைன் போட தறி தலைமேல வெப்பாங்களே, அது. ஜக்கார்டு இருந்தா டிசைனு வேகமா வரும். வெறுந்துணிக்கு அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாங்காட்டியும் ஒண்ணுதான்." கொஞ்சம் தயங்கினாள். "நான் படிச்சது பழைய மெஷினுங்க. இதுல துடிப்புதான் என்னமோ கொறைஞ்சிருக்குன்னு பத்து தடவ சொல்லிட்டேன். ஓனரு பெட்டியத் தொடவே விடல."

"தொட விட்டதுக்கே இந்தக் கதி!" என்றார் பரந்தாமன்.

வரதராஜன் தாடையைத் தடவினார். யோசிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவருக்கு ஜக்கார்டோடு நின்றுவிட்டது. அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். பஸ் ஏறினார்.

* * *

கனகம்மாசத்திரம் பஸ்ஸில் துளசிங்கம் ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டான். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சம்பளமும் ஒழுங்காக ஆகவில்லை. நிலையத்தில் வேலை இல்லாத நேரமெல்லாம், அதாவது பெரும்பாலும், கீழே வசந்தியின் கம்ப்யூட்டரில் பந்தாட்டம் ஆடுவான். திரையில் ஒரு கட்டை, ஒரு பந்து, மேலே செங்கல் வரிசை. பந்து தரையில் விழாமல் தட்டித் தட்டிச் செங்கலை உடைக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு எடுத்திருக்காது தலைவரே."

"துப்பறியறவன் முகத்தப் பாத்து முடிவு பண்ணக் கூடாது, துளசிங்கம்."

"முகத்த பாத்து சொல்லல. என் ஆட்டத்துக்கு அது கைதட்டும். நல்ல மனசு. ஒரு மாசமா நான் தோக்கறதே இல்ல தெரியுமா? முன்னெல்லாம் மூணாவது வரிசையிலயே அவுட்டு. இப்ப பந்து எங்க வருதுன்னு முன்கூட்டியே தெரியுது எனக்கு. ஞானம் தலைவரே! வயசு ஏறினா புத்தி தெளியும்னு சொல்வாங்க."

"ஒனக்கா?" என்றார் வரதராஜன். அவன் ஞானத்தைப் பற்றி அதற்குமேல் விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்த அத்தியாயம் பஸ்ஸிலேயே முடிந்திருக்கும்.

ஜெகநாதனின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருந்தது. புதுசு, பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. வரதராஜன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வந்தவர் போல உள்ளே நுழைந்தார்.

"வாங்க துப்பறியற சார்!" என்றார் ஜெகநாதன். "பரந்தாமன் அனுப்சாரா?"

வரதராஜன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"மூடியத் தொறந்து காட்டணும்" என்றார், மாறுவேடம் போனாலும் அதிகாரம் போகாத குரலில்.

"தாராளமா பாருங்க." ஜெகநாதன் ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே அதே பச்சைப் பலகை. அதே பெரிய சிப். பக்கத்தில் அதே காலி இடம், அதே நாற்பது ஓட்டை.

துளசிங்கம் எண்ணிப் பார்த்தான். "இங்கயும் திருடிட்டான் தலைவரே."

"கணக்கு சிப்பா?" என்று சிரித்தார் ஜெகநாதன். "அது மெஷினோட வராதுங்க. வேணும்னா தனியா வாங்கி வெச்சிக்க எடம் விட்டிருக்கான், கல்யாணத்துல கூட ஒரு எலை போட்டு வெக்கற மாதிரி. நானும் வாங்கல, பரந்தாமனும் வாங்கல. ரெண்டு பேருக்கும் மெஷின் குடுத்தது ஒரே ஆளு."

திருடு போகாத பொருளைத் தேடி இரண்டு பேர் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வரதராஜனுக்கு ஆட்டின் ஞாபகம் வந்தது.

"அப்ப அவருதும் ஆறு நிமிஷத்துல முடியணுமே?"

"முடியணும்."

இதற்குள் துளசிங்கம் இந்தக் கம்ப்யூட்டரிலும் பந்தாட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "இப்ப பாருங்க ஞானத்த" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பந்து புறப்பட்டது. அவன் கட்டையை நகர்த்துவதற்குள் தரையில் விழுந்தது. இரண்டாவது பந்தும் விழுந்தது. மூன்றாவது எங்கே போனது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"என்னய்யா பேய் மாதிரி ஓடுது!"

"அதுக்குத்தான் இது" என்று ஜெகநாதன் பெட்டியின் முகப்பில் ஒரு பட்டனைக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு. பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "டர்போன்னு பேரு. விளக்கு எரிஞ்சா ப்ராசஸரு முழு வேகம். ஒரு தடவ அமுக்கினா விளக்கு அணைஞ்சிடும், துடிப்பு கொறைஞ்சிடும். பழைய ஆட்டமெல்லாம் முழு வேகத்துல மனுசன் ஆட முடியாதுல்ல?" அமுக்கினார். விளக்கு அணைந்தது. "இப்ப ஆடுங்க."

பந்து சாவகாசமாக மிதந்து வந்தது. துளசிங்கம் தட்டினான். மறுபடியும் தட்டினான். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை எல்லாம் உடைந்தன. அவன் முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது.

"அப்ப... ஞானம் கெடையாதா?" என்றான்.

வரதராஜன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு விஷயம் பிறர் சொல்வதற்கு முன்னால் புரிந்தது. "பந்தாட்டத்துக்கு ஜக்கார்டு வேணுமா? வேணாம்! வெறுந்துணிடா அது! கணக்கு சிப்பு போயிருந்தா ஜாதகம் மட்டுந்தான் நொண்டணும். அங்க ஒன் பந்தும் சேந்து நொண்டுது. எல்லாமே கொறைஞ்சிருக்கு. துடிப்புதான் கொறைஞ்சிருக்கு! யாரோ அந்த பட்டன அமுக்கியிருக்கான்!"

"பரந்தாமன் மெஷின்ல பட்டனே இல்லியே தலைவரே?"

"இருக்கு. சந்தனத்துக்கு அடியில இருக்கு!"

"அப்ப சந்தனம் வெச்சவந்தான் திருடன்!" என்று துளசிங்கம் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். பிறகு அப்படியே நின்றான். வரதராஜனைப் பார்த்தான். வரதராஜன் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தார்.

* * *

திரும்புகிற பஸ்ஸில் வரதராஜன் ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டார்.

"நல்லா அழுத்தி வெச்சீங்க" என்றான் துளசிங்கம். "ஒரு பொட்டு வெச்சா போதும்னு பரந்தாமன் சொன்னாரு. நீங்கதான் 'சீப் கெஸ்ட்டு வெக்கறது தெரிய வேணாமா'ன்னு கட்டைவெரல அமுக்கி..."

"தெரியும்டா!"

வரதராஜனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஊரின் ஒரே துப்பறிவாளர் காலையிலிருந்து தன்னையே தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்று கடைத்தெருவுக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு யாராவது செருப்பைக்கூட அவரை நம்பித் தேடச் சொல்வார்களா?

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றான் துளசிங்கம். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நைசா நகத்தால சொரண்டி பட்டன அமுக்குங்க. மெஷின் ஓடும். 'சரியாயிடுச்சி'ன்னு ஒரு வார்த்த. அந்தப் பொண்ணும் தப்பிச்சிடும், நீங்களும் தப்பிச்சிடுவீங்க."

அன்று அவன் சொன்னதிலேயே நல்ல யோசனை அதுதான் என்று வரதராஜனுக்குப் பட்டது.

* * *

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஆறுமுகாவில் கூட்டம் இருந்தது. ஏட்டு சுந்தரமூர்த்தி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தார். பரந்தாமன் கம்ப்யூட்டரின் மூடியை மாட்டிவிட்டு, அதன்மேல் எழுதி முடித்த புகாரை வைத்திருந்தார். வசந்திக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா பஞ்சாட்சரம். மத்தியான பஸ்ஸிலேயே அம்மையார்குப்பத்துக்குச் சேதி போய்விட்டது. தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர். தலைமுடியில் பஞ்சுத் தூசு ஒட்டியிருந்தது.

"தெரு முழுக்க கேக்கறாங்கம்மா" என்று மகளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் என்னான்னு சொல்ல?"

"எடுக்கலன்னு சொல்லு நைனா."

"சொன்னேன். அப்பன் அப்டித்தான் சொல்வான்றாங்க."

வரதராஜன் எல்லோரையும் இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொன்னார். துளசிங்கம் வாசலை மறைத்துக்கொண்டான். நகத்தால் சந்தனத்தின் ஓரத்தைப் பெயர்த்தார். பட்டன் தெரிந்தது. அமுக்கினார். பெயர்ந்த சந்தனத்துக்கு அடியில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

"இப்ப ஜாதகம் போடுங்க" என்றார், எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு.

வசந்தி போட்டாள். ஏட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது நிமிடம் பிரிண்டர் கடகடவென்று பன்னிரண்டு கட்டத்தையும் அடித்துத் தள்ளியது. வசந்தியின் முகம் மலர்ந்தது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

பரந்தாமன் வரதராஜனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார்! நீங்க மனுசனே இல்ல! ஜெகநாதன்கிட்டேர்ந்து சிப்ப புடுங்கிகினு வந்து வெச்சிட்டீங்களே! ஏட்டய்யா, எழுதிக்குங்க. திருட்டு மாலு கனகம்மாசத்திரத்துல கெடச்சிது. வித்தவ இவதான்!"

ஏட்டு சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "நல்ல வேலை சார். பேப்பர்ல போடச் சொல்லலாம்."

இது வரதராஜன் எதிர்பார்க்காதது. வசந்தியைக் காப்பாற்ற அமுக்கிய பட்டன் அவளையே மாட்டிவைத்துவிட்டது. வாசலில் யாரோ கைதட்டினார்கள். ஆறு வருடமாக அவர் காத்திருந்த கைதட்டல். ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும், நாளைக்குப் பேப்பரில் பெயர் வரும். ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், அவர் ஒன்றும் சொல்லாமல்தான் நின்றார்.

பஞ்சாட்சரம் மகளின் கையை விட்டார். கோபத்தில் விடவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் விட்டார். அதைப் பார்க்க வரதராஜனால் முடியவில்லை.

"மூடியத் தொற" என்றார் துளசிங்கத்திடம்.

"தலைவரே..."

"தொறடா!"

மூடி திறந்தது. நாற்பது ஓட்டையும் அப்படியே காலியாக இருந்தன, தூசியோடு.

"சிப்பு எப்பவுமே இல்ல. ஜெகநாதனுதுலயும் இல்ல. திருடு போகவே இல்ல" என்றார் வரதராஜன். அவர் குரலில் வழக்கமான கனம் இல்லை. "இந்த பட்டனதான் யாரோ அமுக்கி வேகத்தக் கொறைச்சிட்டாங்க. அமுக்கினவன் கைரேகை சந்தனத்துல கீது. ஏட்டய்யா, பாருங்க."

ஏட்டு குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனத்தில் ஒரு பெரிய கட்டைவிரல் தடம். குறுக்கே கோடாக ஒரு தழும்பு. "யாருதுய்யா இது?"

வரதராஜன் வலது கட்டைவிரலை நீட்டினார். சோடா பாட்டில் உடைத்ததில் கிழிந்த தழும்பு குறுக்கே ஓடியது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் கைரேகை அதுதான்.

ஏட்டுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரந்தாமன் புகாரை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"அப்ப... திங்கக்கெழம வேலைக்கு வந்துடும்மா" என்றார்.

"நான் எடுக்கலன்னு எங்க தெருவுல வந்து சொல்லுங்க" என்றாள் வசந்தி. "ரெண்டு பேரும்."

"கடைய யாரு பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன்" என்றார் ஏட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ போயிட்டு வா."

* * *

பொழுது சாய்வதற்குள் அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள். வசந்தியின் தெருவில் வீட்டுக்கு இரண்டு பவர்லூம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. பரந்தாமன் தெரு முனையில் நின்று என்னவோ முணுமுணுத்தார். அவருக்கே கேட்கவில்லை.

பஞ்சாட்சரம் முதல் வீட்டுக்குள் போனார். அந்த வீட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டுக்குப் போனார். அதுவும் நின்றது. ஒவ்வொரு வீடாக அவர் போய்ச் சொல்லச் சொல்ல, சத்தம் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடங்கிக்கொண்டே போனது. கடைசித் தறியும் நின்றபோது வாசலுக்கு வாசல் ஜனம் நின்றிருந்தது.

பரந்தாமன் தரையைப் பார்த்துச் சொன்னார், பொண்ணு மேல தப்பு இல்லை என்று. வரதராஜன் சந்தனத்தைப் பற்றிச் சொன்னார்.

"என்னா சொல்றாரு?" என்று கடைசி வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அங்க கேக்கலியாம்" என்றாள் வசந்தி. "சத்தமா சொல்லுங்க."

வரதராஜன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "வசந்தி எதையும் எடுக்கல! பட்டன அமுக்கின முட்டாளு நாந்தான்!"

தெரு சிரித்தது. துளசிங்கம் சிரித்தான். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு வழியில்லாமல் வரதராஜனும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க அவருக்கு அது உண்மையாகவே லேசாக இருந்தது.

பஞ்சாட்சரம் மட்டும் சிரிக்கவில்லை. தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தெரு நடுவில் நின்று அழுதார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்த் தறியின் சுவிட்சைப் போட்டார்.